நெட் இழுக்கிறதா? கோளாறு பஃபரிலா பேண்ட்வித்திலா என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

பேண்ட்வித் மதகு, பஃபர் (அனுப்பும் முன் தரவு காத்திருக்கும் நினைவகம்) ஏரி. விநாடிக்கு எவ்வளவு வெளியேறும் என்பது மதகின் கணக்கு. வரத்து மிஞ்சும்போது எவ்வளவு தேங்கும் என்பது ஏரியின் கணக்கு. ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் மதகில் ஒரு சொட்டுகூட அதிகம் வராது. கடைசியாக உள்ளே வந்த தண்ணீர் வெளியேறக் காத்திருக்கும் நேரம்தான் நீளும். ஏரி சிறியதாக இருந்தாலோ ஒரு மழைக்கே கலங்கல் வழிந்துவிடும். அந்த வழிதல்தான் பாக்கெட் டிராப், அதாவது தரவுத் துண்டு (பாக்கெட்) வழியிலேயே தொலைவது.

தாமதத்துக்கும் வழிதலுக்கும் பயனாளர் சொல்லும் பெயர் ஒன்றுதான்: "நெட் ஸ்லோ". மருந்து மட்டும் நேரெதிர். பஃபர் பெரிதானதால் வந்த சிக்கலுக்கு இன்னும் பெரிய பஃபர் வைத்தாலும், பஃபர் போதாமல் வந்த சிக்கலுக்கு அதை இன்னும் குறைத்தாலும் நிலைமை மோசமாகும். எதையும் தொடுவதற்கு முன் கீழே உள்ள அளவீட்டைச் செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

முதல் வேலை: சுமை இல்லாமலும் சுமையோடும் பிங்

1. கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் இணையுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் கலந்துவிடும்.
2. மூன்று இடங்களுக்கு மூன்று ஜன்னல்களில் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள்: உங்கள் ரவுட்டர், டிரேஸ்ரூட்டில் (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை) அடுத்ததாக வரும் சேவை நிறுவனத்தின் கேட்வே, வெளியே 1.1.1.1 என்ற பொது சர்வர். வேறு எதுவும் ஓடாமல் ஒரு நிமிடம் பார்த்து, குறைந்தபட்ச எண்ணையும் சராசரியையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 30 விநாடியாவது ஓடட்டும். எண்களைக் குறியுங்கள்.
4. அதை நிறுத்திவிட்டு டவுன்லோடு மட்டும் 30 விநாடி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்; எந்தப் பக்கம் அடைக்கிறது என்று தெரியாமல் போகும்.

சுமை இல்லாத எண்ணைவிடச் சுமையின்போது பிங் 30 மில்லி விநாடிக்குள் ஏறினால் கவலை இல்லை. 100க்கு மேல் ஏறினால் எங்கோ பெரிய வரிசை நிற்கிறது. நேரம் ஏறவே இல்லை, ஆனால் பதில்கள் விடுபடுகின்றன என்றால் எங்கோ பஃபர் போதவில்லை, அல்லது வேண்டுமென்றே வெட்டுகிறார்கள். சுமையே இல்லாதபோதும் விடுபட்டால் பஃபரை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இடையில் உள்ள ரவுட்டர்கள் தங்களுக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும். கேட்வே மட்டும் தடுமாறி, அதைத் தாண்டி 1.1.1.1 சீராக இருந்தால் கேட்வேயின் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

அறிகுறி: ஒருவர் அப்லோடு போட்டால் வீடே நின்றுபோகிறது

ஸ்பீடு டெஸ்ட் நன்றாகவே வரும். ஒருவர் வீடியோவை கிளவுடில் ஏற்றத் தொடங்கியதும் மற்றவரின் வீடியோ அழைப்பில் முகம் உறையும், பக்கங்கள் திறக்காது, பிங் 15லிருந்து 800க்குப் போகும். ஜிம் கெட்டிஸ் இதற்கு வைத்த பெயர் பஃபர்ப்ளோட். தமிழில் 'பஃபர் வீக்கம்' எனலாம்.

கணக்கு இதுதான். மோடமில் 256 கேபி பஃபர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20,97,152 பிட். அப்லோடு 1 எம்பிபிஎஸ் என்றால் நிரம்பிய பஃபர் காலியாக 2.1 விநாடி. 10 எம்பிபிஎஸ் என்றால் 210 மில்லி விநாடி. 100 என்றால் 21. அதே சிப், அதே பஃபர். அதனால் பஃபரை கேபியில் பேசுவதில் பயனில்லை; எத்தனை மில்லி விநாடி ஆழம் என்று பேச வேண்டும். லினக்ஸில் டிஎக்ஸ்க்யூலென் (அனுப்பும் வரிசையின் நீளம்) இயல்பாக 1000 பாக்கெட். பாக்கெட்டுக்கு 1500 பைட் என்றால் 1.5 எம்பி. ஜிகாபிட்டில் அது 12 மில்லி விநாடி. 1 எம்பிபிஎஸ் லைனில் 12 விநாடி.

ஏன் நிரம்புகிறது? லினக்ஸிலும் இப்போதைய விண்டோஸிலும் இயல்பாக இருக்கும் கியூபிக் (தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறையின் வேகக் கட்டுப்பாட்டு முறை), பாக்கெட் தொலைந்தால்தான் நெரிசல் என்று புரிந்துகொள்ளும். தொலையும் வரை அனுப்புவதை ஏற்றிக்கொண்டே போகும். பெரிய பஃபர் எதையும் தொலைக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அந்த நல்லெண்ணம்தான் வினை. டிசிபிக்குப் போக வேண்டிய "போதும்" என்ற செய்தி பல நூறு மில்லி விநாடி கழித்துத்தான் போகிறது. அதுவரை உங்கள் வாய்ஸ் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் நிற்கும்.

பெரிய பிளானுக்கு மாறுவது இதற்குச் சரியான மருந்து அல்ல. காத்திருப்பு குறையும், ஆனால் வரிசையின் குணம் மாறாது. செய்ய வேண்டியது, வரிசையை மோடமிலிருந்து உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ரவுட்டருக்கு இழுத்துவருவது. வரிசை எப்போதும் மிகக் குறுகிய இடத்தில்தான் நிற்கும். எனவே ரவுட்டரை மோடமைவிடக் கொஞ்சம் குறுகலாக்கினால் போதும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மூல இயங்குதளம்) உள்ள ரவுட்டரில்:

1. லூசி என்ற அதன் அமைப்புப் பக்கத்துக்கான எஸ்க்யூஎம் (வரிசையை நிர்வகிக்கும்) தொகுப்பை நிறுவுங்கள்.
2. வெளிப்பக்க இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ என்றால் அந்த இன்டர்ஃபேஸையே. லேன் பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்துவிட்டு டவுன்லோடு எண்ணும் அப்லோடு எண்ணும் தலைகீழாக வேலை செய்கின்றன என்று திகைப்பவர்கள் ஏராளம்.
3. வேகம்: பிளானில் எழுதியதை அல்ல, அளந்ததை எடுங்கள். அப்லோடுக்கு அதில் 95 சதவீதம், டவுன்லோடுக்கு 85 முதல் 90. டவுன்லோடில் அதிகமாக விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு: அங்கே பாக்கெட் ஏற்கெனவே குறுகலைத் தாண்டி வந்துவிட்டது. அந்த முனையில் அனுப்புபவரை மறைமுகமாகத்தான் நிதானப்படுத்த முடியும்.
4. வரிசை முறை: கேக். ரவுட்டர் வலு குறைந்ததாக இருந்தால் எஃப்க்யூ-கோடெல்.
5. லிங்க் லேயர் பகுதியை வெறுமையாக விடாதீர்கள். ஏடிஎஸ்எல் என்றால் ஏடிஎம் தேர்ந்தெடுத்து ஓவர்ஹெட் 44. ஏடிஎம்மில் 53 பைட் செல்லுக்கு 48தான் உங்கள் சரக்கு. இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் சின்னப் பாக்கெட்டுகள் ஓடும்போது மோடம் மறுபடி நிரம்பும். ஃபைபர் லைனில் சந்தேகமாக இருந்தாலும் 44 வையுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் சொல்வதால் நஷ்டம் மிகக் குறைவு.
6. ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடு இருந்தால் அணையுங்கள். அது இருக்கும்வரை பாக்கெட்டுகள் இந்த வரிசையைத் தொடாமலே போய்விடும். நீங்கள் எந்த எண்ணைப் போட்டாலும் பலன் இருக்காது.

கோடெல் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அப்போதுதான் கண்டபடி எண்களை மாற்றத் தோன்றாது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட முறை இது. வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி விநாடிக்கு மேலாக ஒரு பாக்கெட்கூட 5 மில்லி விநாடிக்குள் வெளியேறவில்லை என்றால் இது தற்காலிகக் கூட்டமல்ல, நிரந்தர வரிசை என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளிவிடத் தொடங்கும். இந்த 5, 100 இரண்டையும் வீட்டு லைனில் மாற்றத் தேவையே இல்லை.

எஸ்க்யூஎம் போட்ட பின் வேகம் பாதியாகிவிட்டதா? ரவுட்டரின் சிபியூவைப் பாருங்கள். டாப் கட்டளையை ஓடவிட்டால் சாஃப்ட்ஐஆர்க்யூ (பாக்கெட்டுகளைக் கையாளும் கர்னல் வேலை) ஒரு சிபியூ கோர் முழுவதையும் தின்றுகொண்டிருக்கும். பழைய ஒற்றைக் கோர் ரவுட்டர்கள் 100 எம்பிபிஎஸ் தாண்டினாலே திணறும். 4ஜி போல வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் லைனில் நிலையான எண் எதுவும் சரிவராது. அங்கே கேக்-ஆட்டோரேட் போல எண்ணைத் தானாகத் திருத்தும் ஸ்கிரிப்ட் வேண்டும்.

இன்னொன்று: ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியாக நிறுத்தும் எஃப்க்யூ வகை வரிசைகள் பிங்குக்குத் தனி வரிசை கொடுத்துவிடும். பிங் அழகாகத் தெரியும், கோப்பு இறக்கும் இணைப்பு மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கலாம். லினக்ஸ் கணினியில் எஸ்எஸ் கட்டளையை டி, ஐ இரண்டும் சேர்த்து ஓட்டினால் அந்த இணைப்பின் ஆர்டிடியே (போய்வரும் நேரம்) தெரியும்.

அறிகுறி: அப்லோடு ஓடும்போது டவுன்லோடு படுத்துவிடுகிறது

முந்தையதன் தம்பி. டவுன்லோடு செய்யும் ஒவ்வொரு இரண்டு பாக்கெட்டுக்கும் ஒரு ஏக் (கிடைத்தது என்ற ஒப்புதல்) திரும்பிப் போக வேண்டும். 100 எம்பிபிஎஸ் டவுன்லோடுக்கு விநாடிக்கு 4,300 ஏக் வரை, ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ் அப்லோடு அதற்கே செலவு. அப்லோடு வரிசையில் அந்த ஏக்குகள் மாட்டிக்கொண்டால் மறுமுனை சும்மா காத்திருக்கும். மேலே சொன்ன அப்லோடு ஷேப்பிங் (ரவுட்டரில் வேகத்தைக் கொஞ்சம் குறுக்குவது) போதும். கேக்கில் மிகையான ஏக்குகளைக் களையும் ஏக்-ஃபில்டர் என்று ஒன்று உண்டு. அப்லோடைவிட டவுன்லோடு பத்து பதினைந்து மடங்கு அதிகமான லைனில் மட்டும் போடுங்கள்.

அறிகுறி: 200 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் சரியாக 94க்கு மேல் போகவில்லை

பஃபருக்கு இதில் வேலையே இல்லை. எங்கோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது. ஜிகாபிட்டுக்குக் கேபிளில் நான்கு ஜோடியும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி சரியாக கிரிம்ப் ஆகவில்லை என்றால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். 94 என்ற எண்ணும் தற்செயல் அல்ல: ஒவ்வொரு பாக்கெட்டும் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது, அதில் உங்கள் தரவு 1448. அதே காரணத்தால் ஜிகாபிட்டில் 941 வந்தால் அது முழு வேகம்தான்; மீதி 59ஐத் தேடி அலைய வேண்டாம்.

அறிகுறி: பக்கத்து சர்வர் பறக்கிறது, தூரத்து சர்வர் மட்டும் இழுக்கிறது

இங்கே குற்றவாளி வழியில் உள்ள பஃபர் அல்ல, இரு முனைகளிலும் உள்ள டிசிபி பஃபர். ஏக் வராமல் எவ்வளவு தரவை அந்தரத்தில் விடலாம் என்பதற்கு அதுதான் உச்சவரம்பு. லைனை நிரப்பத் தேவையான அளவு, பேண்ட்வித்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும்.

சென்னை–சிங்கப்பூர் நேர்க்கோட்டுத் தூரமே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி எடுக்கும். போய்வர 29 மில்லி விநாடிக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. 30 என்று வைத்தால் 1 ஜிபிபிஎஸ்ஸை நிரப்ப 3.75 எம்பி அந்தரத்தில் இருக்க வேண்டும். போய்வர 200 மில்லி விநாடி எடுக்கும் அமெரிக்க சர்வர் என்றால் 25 எம்பி.

பல லினக்ஸ் பதிப்புகளில் டிசிபி-ஆர்மெம் (பெறும் பஃபர்) அமைப்பின் மூன்றாவது எண்ணான உச்சம் இயல்பாக 62,91,456 பைட், அதாவது 6 எம்பி. அதில் ஏறத்தாழப் பாதிதான் விண்டோவாக (அந்தரத்தில் விடக்கூடிய அளவு) கிடைக்கும். 3 எம்பி விண்டோ, 200 மில்லி விநாடி: 126 எம்பிபிஎஸ். லைன் 1 ஜிபிபிஎஸ்ஸாக இருந்தாலும் ஒற்றை இணைப்பு அங்கேயே நிற்கும்.

சோதிக்க: ஐபெர்ஃப்3 என்ற வேக அளவீட்டு நிரலை ஒரே இணைப்பில் ஓட்டுங்கள், பிறகு எட்டு இணைப்புகளில். ஒன்று 120 காட்டி எட்டும் சேர்ந்து 900 காட்டினால் விண்டோ பஞ்சம். எட்டும் சேர்ந்தும் 120தான் என்றால் மதகே அவ்வளவுதான். சந்தேகம் தீராவிட்டால் அனுப்பும் முனையில் மேலே சொன்ன எஸ்எஸ் வெளியீட்டைப் பாருங்கள்: ஆர்விண்ட்-லிமிடெட் என்று இருந்தால் பெறுபவரின் பஃபர் போதவில்லை, எஸ்என்டிபஃப்-லிமிடெட் என்றால் அனுப்புபவருடையது. இரண்டும் இல்லாமல் ரீடிரான்ஸ் (மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டிருந்தால் இந்தப் பகுதியை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சரிசெய்ய, இரு முனையிலும் டிசிபி-ஆர்மெம், டிசிபி-டபிள்யூமெம் (அனுப்பும் பஃபர்) இரண்டின் மூன்றாவது எண்ணை மட்டும் 6,71,08,864 ஆக்குங்கள், அதாவது 64 எம்பி. நடு எண்ணைத் தொடாதீர்கள். அது ஒவ்வோர் இணைப்பும் தொடங்கும் அளவு. பத்தாயிரம் இணைப்பு உள்ள சர்வரில் அதை ஏற்றினால் நினைவகம் காலி. கோர்-ஆர்மெம்-மேக்ஸை ஏற்றிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்பவர்களுக்கு: கர்னல் தானாகச் சரிசெய்துகொள்ளும் டிசிபி பஃபருக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை, நிரல் தானே கேட்டு வாங்கும் பஃபருக்குத்தான் அது வரம்பு. நிரல் அப்படிக் கேட்டு வாங்கினால் தானியங்கிச் சரிசெய்தல் அந்த இணைப்புக்கு நின்றுபோகும் என்பதையும் மறக்காதீர்கள். பழைய பேக்கப் மென்பொருள்களில் 'சாக்கெட் பஃபர் 64 கேபி' என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை வெறுமையாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விண்டோஸில் நெட்ஷெல்லின் டிசிபி குளோபல் பட்டியலில் ஆட்டோட்யூனிங் 'நார்மல்' என்று இருக்க வேண்டும். 'வேகம் கூட்டும் டிப்ஸ்' எதையோ நம்பி அதை அணைத்து வைத்திருந்தால் விண்டோ 65,535 பைட்டிலேயே நிற்கும். 200 மில்லி விநாடியில் அது 2.6 எம்பிபிஎஸ்.

எஸ்சிபி, எஸ்எஸ்எச் வழி ஆர்சிங்க் (இரண்டும் கோப்பு நகலெடுக்கும் கட்டளைகள்) மட்டும் மெதுவா? ஓப்பன்எஸ்எஸ்எச் தனக்குள்ளேயே 2 எம்பி விண்டோ ஒன்று வைத்திருக்கிறது. 200 மில்லி விநாடியில் அது 84 எம்பிபிஎஸ்ஸில் முட்டும். கர்னலை எவ்வளவு ஏற்றினாலும் அசையாது. கோப்புகளைப் பிரித்து நான்கு எஸ்எஸ்எச் இணைப்புகளில் அனுப்புவதுதான் எளிய வழி.

அறிகுறி: ஸ்விட்ச் கிராஃபில் 25 சதவீதம்தான், ஆனால் டிராப் எண்ணிக்கை ஏறுகிறது

ஐந்து நிமிடச் சராசரியில் எதுவும் தெரியாது. 10 ஜிபிபிஎஸ் போர்ட்டில் உள்ள சர்வர், 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் உள்ள கணினிக்கு அனுப்புகிறது. உள்ளே வருவது 10, வெளியே போவது 1. பஃபர் 9 ஜிபிபிஎஸ் வேகத்தில் நிரம்பும். அந்தப் போர்ட்டுக்கு 1 எம்பி கிடைத்தாலும் 0.9 மில்லி விநாடியில் கலங்கல் வழியும். சர்வரின் நெட்வொர்க் கார்டில் டிஎஸ்ஓ (தரவைப் பாக்கெட்டாகப் பிரிப்பதைக் கார்டே செய்வது) இருந்தால் 64 கேபியை ஒரே மூச்சில் தள்ளும். 40 சர்வர்கள் ஒரே வினாவுக்கு ஒரே நேரத்தில் தலைக்கு 64 கேபி பதில் சொன்னால் 2.6 எம்பி ஒரே போர்ட்டில் குவியும். சராசரி என்னவோ 25 சதவீதம்தான்.

பெரிய பஃபர் உள்ள ஸ்விட்ச் வாங்குவதற்கு முன், செலவில்லாத இரண்டைச் செய்து பாருங்கள். முதலாவது, ஸ்விட்சின் பொதுப் பஃபர் குளத்திலிருந்து ஒரு போர்ட் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு. க்யூஓஎஸ் (முன்னுரிமை அமைப்பு) போட்டதும் குளத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு வரிசைக்கும் துளித்துளியாகக் கொடுக்கும் ஸ்விட்சுகள் உண்டு. பயன்படுத்தாத வரிசைகளின் பங்கை மீட்டெடுங்கள். இரண்டாவது, சர்வரில் டிசி கட்டளையால் எஃப்க்யூ வரிசையைப் போடுங்கள். அது பாக்கெட்டுகளைக் கொத்தாக விடாமல் இடைவெளி விட்டு அனுப்பும். பெறுபவர் எல்லோரும் 1 ஜிபிபிஎஸ் என்று உறுதியானால் மேக்ஸ்ரேட்டாக 950 எம்பிபிஎஸ் கொடுங்கள்.

ஃப்ளோ கண்ட்ரோலைப் (அனுப்புபவரை 'நிறுத்து' என்று சொல்லும் வசதி) போட்டால் டிராப் மறையும். ஆனால் ஒரு மெதுவான கணினிக்காக சர்வரின் போர்ட்டையே நிறுத்திவைக்கும்; மற்ற எல்லோரும் அதோடு நிற்பார்கள். பொது லேனில் அதைப் போடாமல் இருப்பதே மேல்.

இத்தனை இணைப்புகள் ஓடும் மைய ரவுட்டரில் எவ்வளவு பஃபர் வேண்டும் என்பதும் மாறிவிட்ட கணக்கு. பேண்ட்வித்தை ஆர்டிடியால் பெருக்கிய அளவு வேண்டும் என்பது பழைய விதி. 2004இல் அப்பென்செல்லர், கெஸ்லாசி, மெக்கியூன் மூவரும் இணைப்புகள் பல இருந்தால் அதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கலாம் என்று காட்டினார்கள். 10,000 இணைப்பு என்றால் நூறில் ஒரு பங்கு போதும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்குவதால் மேடும் பள்ளமும் சமமாகிவிடுகின்றன. நாலைந்து பேர் உள்ள வீட்டு லைனுக்கு இந்த வகுத்தல் செல்லாது.

அறிகுறி: லீஸ்டு லைனில் வேகம் ஏறுகிறது, பாதியில் விழுகிறது, மறுபடி ஏறுகிறது

பிங் ஏறவில்லை, டிராப் மட்டும் உண்டு, கிராஃப் ரம்பப்பல் போல இருக்கிறது என்றால் மறுமுனையில் போலீசர் நிற்கிறது. ஷேப்பர் மிஞ்சியதை வரிசையில் நிறுத்தும். போலீசர் நிறுத்தாமல் தூக்கி எறியும். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் 50 எம்பிபிஎஸ் ஒப்பந்தம் என்றால் உங்கள் ரவுட்டர் 100இல் கொத்தாகத் தள்ளும், போலீசரின் பர்ஸ்ட் அளவு (ஒரே மூச்சில் அனுமதிக்கும் தரவு) தீர்ந்ததும் மீதி போய்விடும். போலீசரின் பர்ஸ்ட்டுக்கு 1.5 விநாடி அளவு தரவு என்பது சிஸ்கோவின் பரிந்துரை. 50 எம்பிபிஎஸ்ஸுக்கு 9.4 எம்பி. சில பத்து கேபிதான் வைத்திருக்கிறார்கள் என்றால் டிசிபியால் 50ஐத் தொடவே முடியாது.

சேவை நிறுவனத்திடம் பர்ஸ்ட் அளவைக் கேளுங்கள். அவர்கள் மாற்றும்வரை காத்திராமல், உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் 48 எம்பிபிஎஸ் ஷேப்பர் போடுங்கள். 2 எம்பிபிஎஸ் விட்டுக்கொடுத்து 20 மீட்பது லாபம்தான்.

அறிகுறி: சுமை இல்லாதபோதும் டிராப்

கேபிள், அழுக்கு ஃபைபர் கனெக்டர், ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இருவழி) மறு முனை ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒருவழி). போர்ட்டின் சிஆர்சி (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். ஆயிரத்தில் ஒன்றுதானே என்று விடாதீர்கள். 100 மில்லி விநாடி ஆர்டிடியில் 0.1 சதவீத இழப்பு, பழைய ரீனோ டிசிபியின் ஓர் இணைப்பை 4.5 எம்பிபிஎஸ்ஸில் நிறுத்திவிடும். லைன் எவ்வளவு அகலம் என்பது இந்த வரம்பைக் கணக்கிடும் சூத்திரத்தில் வரவே வராது.

அறிகுறி: வலைக்குள் இழப்பில்லை, சிசிடிவி பதிவில் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது

ஸ்விட்ச் முழுவதையும் துழாவும் முன் பதிவு சர்வரில் நெட்ஸ்டாட்டின் யுடிபி (ஏக் இல்லாமல் அனுப்பும் நெறிமுறை) கணக்கைப் பாருங்கள். 'ரிசீவ் பஃபர் எரர்ஸ்' ஏறினால் பாக்கெட் வீடுவரை வந்து வாசலில் தொலைகிறது. இயல்பான யுடிபி பஃபர் 2,12,992 பைட். 100 எம்பிபிஎஸ் வந்தால் அதிகபட்சம் 17 மில்லி விநாடித் தரவுதான் தாங்கும். ஒவ்வொரு பாக்கெட்டோடும் கர்னலின் சொந்தச் சுமையும் இதில் சேர்வதால் நடைமுறையில் அதிலும் குறைவு. டிஸ்க்கில் எழுத நிரல் 20 மில்லி விநாடி நின்றாலே வழியும். கோர்-ஆர்மெம்-மேக்ஸை 8 எம்பி ஆக்கி, நிரலின் அமைப்பிலும் அதே அளவைக் கேளுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலனில்லை. நேரடி ஒளிபரப்பில் பெரிய பஃபர் ஆகாது என்ற விதி இங்கே பொருந்தாது: பதிவுக்கு 200 மில்லி விநாடி தாமதம் ஒரு பொருட்டல்ல, இழப்புதான் பொருட்டு.

அந்த எண் ஏறாமல் எத்டூல் (நெட்வொர்க் கார்டுக்கான கட்டளை) புள்ளிவிவரத்தில் ஆர்எக்ஸ்-மிஸ்டு ஏறினால் கார்டின் ரிங் பஃபர் சிறிது. எத்டூலோடு சின்ன 'ஜி' சேர்த்தால் இப்போதைய அளவும் உச்சமும் தெரியும். பெரிய 'ஜி' சேர்த்து ஏற்றலாம். 256 இருந்தால் 1024 வைத்துப் பாருங்கள். சில கார்டுகளில் இதை மாற்றும்போது இணைப்பு ஓரிரு விநாடி விழுந்து எழும், வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

எந்த அறிகுறிக்கு எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, பழைய எண்ணை ஒரு தாளில் எழுதி ரவுட்டரிலேயே ஒட்டிவிடுங்கள். பிறகு முதல் அளவீட்டை மறுபடி செய்யுங்கள்: ஒரு தடவை காலையில், ஒரு தடவை தெருவே நெட்டில் இருக்கும் இரவு 9 மணிக்கு. காலையில் 20 ஏறி இரவில் 150 ஏறினால் வரிசை உங்கள் வீட்டில் இல்லை, சேவை நிறுவனத்தின் பக்கத்தில் நிற்கிறது. அந்த இரண்டு எண்களையும் நேரத்தோடு சேர்த்துப் புகாரில் எழுதுங்கள்.